தங்கச்சிமடத்திலிருந்து இயந்திரக் கற்றல் ஆய்வுக்குப் போக முடியுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். இராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறீர்கள். வீடு இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். அப்பா நாட்டுப் படகில் தொழிலுக்குப் போகிறவர். இயந்திரக் கற்றலை, அதாவது தரவிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் முறையை, கடல் அறிவியலில் பயன்படுத்தும் ஆய்வைத் தொழிலாகக் கொள்ள முடியுமா, அதற்குக் கணினிப் பொறியியல் பட்டம் வேண்டுமா, ஐஐடி போன்ற பெரிய பெயர் இல்லாவிட்டால் யாராவது மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "நான் படித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கணினியே செய்துவிடும் என்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாறு ஆண்டுகளையும் வீட்டுக்கு வரவேண்டிய சம்பளத்தையும் பணயம் வைத்து நுழையும் துறையில், உங்களுக்கென்று செய்ய ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நிறையவே இருக்கும். ஆனால் அது எல்லாரும் தேடுகிற இடத்தில் இருக்காது. நான் இயற்பியல் வழியாகக் கடலியலுக்கு வந்து, செயற்கைக்கோள் தரவில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தி முனைவர் பட்டம் பெற்று, பல ஆண்டுகளாக அதையே கற்பித்தும் மாணவர்களை நெறிப்படுத்தியும் வருகிறேன். தனியார் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்ததில்லை. ஆகவே அந்தப் பக்கத்துச் சம்பளம், பதவி பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

அறிவியலில் இயந்திரக் கற்றல் பெற்ற வெற்றிகள் உண்மையானவை. அவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2024இல் இயற்பியல் நோபல், இயந்திரக் கற்றலுக்கு அடித்தளமிட்டதற்காக, ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் நோபலில் ஒரு பாதியை, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் பெற்றார்கள். வானிலையிலும் இதே கதைதான். 2023இல் வெளியான கிராஃப்காஸ்ட் என்ற கணினி மாதிரி, உலகம் முழுவதற்குமான பத்து நாள் முன்னறிவிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையமே தன் சொந்த இயந்திரக் கற்றல் மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

இந்த வெற்றிகளைக் கொண்டாடும் கட்டுரைகள் ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆல்ஃபாஃபோல்டு பயின்றது 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. அதில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்களில் ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், உழைத்து அளந்திருந்தார்கள். கணிப்பு சரியா தவறா என்று பார்க்க, 1994இலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காஸ்ப் என்ற பொதுத் தேர்வும் இருந்தது. கிராஃப்காஸ்ட் பயின்றது 1979 முதல் 2017 வரையிலான வளிமண்டலத் தரவில். அந்தத் தரவோ பலூன்களும் கப்பல்களும் செயற்கைக்கோள்களும் அளந்ததை, இயற்பியல் சமன்பாடுகளால் ஆன பழைய வானிலை மாதிரியில் சேர்த்துச் செய்தது. கேள்வி தெளிவாக இருந்தது, அளவீடு குவிந்து கிடந்தது, விடையைச் சோதிக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை இருந்தது. இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் கணினி வேகமாக முந்தியது. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் கடலில் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறை எங்கே, கடற்புல் எங்கே, வெறும் மணல் எங்கே என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைபடம் செய்ய நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப் படம். முக்குளித்து எடுத்த கணக்கெடுப்பைக் கொண்டு ஆயிரம் புள்ளிகளுக்குப் பெயர் சூட்டுகிறீர்கள். அவற்றைக் குலுக்கி எண்ணூறைக் கணினியைப் பயிற்றுவிக்கவும் இருநூறை அதைச் சோதிக்கவும் பிரிக்கிறீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று விடை வருகிறது. கட்டுரை எழுதக் கை பரபரக்கும்.

அந்தத் தொண்ணூற்றைந்தை நம்ப முடியாது. குலுக்கிப் பிரித்ததால் சோதனைப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, அதே பாறையின் மேல், அதே நாள் தண்ணீரின் கீழ், ஒரு பயிற்சிப் புள்ளி இருக்கிறது. வினாத்தாளை முதல்நாளே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதைப் போன்றது அது. நேர்மையான சோதனை வேறு மாதிரி நடக்கும். மண்டபம், கீழக்கரைத் தீவுக் கூட்டங்களில் பயிற்றுவித்துவிட்டு, கணினி பார்த்தே இராத வேம்பார்த் தீவுகளில் சோதிக்க வேண்டும். அல்லது ஒரு பருவத்தில் பயிற்றுவித்து மற்றொரு பருவத்தில் சோதிக்க வேண்டும். அப்போது மதிப்பெண் சரியும், பல சமயம் பயமுறுத்தும் அளவுக்கு. அந்தச் சரிவைக் கண்டு பலர் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். உண்மையான ஆய்வு அந்தச் சரிவில்தான் தொடங்குகிறது: ஏன் சரிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேட இயற்பியல் வேண்டும். தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே பெருமளவு உறிஞ்சிவிடும். நீலமும் பச்சையும் இன்னும் ஆழம் போகும். ஆகவே இரண்டு மீட்டர் ஆழத்து மணலும் ஆறு மீட்டர் ஆழத்து மணலும் படத்தில் வேறு வேறு நிறம்; ஆழமான மணலையும் ஆழம் குறைந்த கடற்புல்லையும் கணினி குழப்பிக்கொள்ளும். விடை தேடக் கரையும் தெரிந்திருக்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நிலைமை தலைகீழாகும் என்பது உங்கள் அப்பாவுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. தென்கடலின் தெளிந்த நாளில் பயின்ற மாதிரியை வடகடலுக்குக் கொண்டுபோனால் அது சேற்றுக் கலங்கலையும் கடற்புல்லையும் பிரிக்கத் தெரியாமல் விழிக்கும். எந்த மாதத்துப் படத்தை எடுப்பது, எதைத் தள்ளுவது, எங்கே போய் அளந்தால் மாதிரியின் சந்தேகம் தீரும் என்று முடிவு செய்வதற்குக் கடலைத் தெரிந்த ஆள் தேவை. மாதிரியை எழுதும் நிரலை இன்று கணினியிடமே கேட்டு வாங்கிவிடலாம். இந்த முடிவுகளை அதனிடம் கேட்டு வாங்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நான் சொல்லும் இந்தக் கசிவு, அதாவது சோதனைத் தரவு பயிற்சிக்குள் கசிவது, ஏதோ மாணவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று எண்ணிவிடாதீர்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூரும் அர்விந்த் நாராயணனும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பதினேழு அறிவியல் துறைகளில் 294 ஆய்வுகள் இந்தக் குறையால் பாதிக்கப்பட்டதைத் தொகுத்துக் காட்டியது. இதைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு வாய்த்துவிட்டால், எந்த ஆய்வுக்குழுவுக்கும் உங்களை இழக்க மனம் வராது.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். அரிதானதைத் தேடும்போது "எத்தனை சதவீதம் சரி" என்ற கணக்கை நம்பாதீர்கள். ட்ரோன் படங்களில் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, தேடுகிறீர்கள். ஆயிரம் படத்தில் ஒன்றில்தான் அது இருக்கிறது என்றால், "எங்குமே இல்லை" என்று சொல்லும் நிரல்கூட 99.9 சதவீதம் சரியாக இருக்கும். இருந்தவற்றில் எத்தனையைப் பிடித்தது, பிடித்தவற்றில் எத்தனை உண்மை என்று பாருங்கள். அடுத்தது, உங்கள் மாதிரியை எப்போதும் மிக எளிய ஒன்றோடு மோதவிடுங்கள். கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதைக் கணிக்க ஏற்கெனவே ஒரு நேரடியான விதி இருக்கிறது. அந்த இடத்தின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியை விட ஒரு பாகைக்குக் குறையாமல் சூடு ஏறிய வாரங்களில் எத்தனை பாகை கூடியது என்பதைப் பன்னிரண்டு வாரக் கணக்கில் கூட்டுவார்கள். நான்கைத் தொட்டால் வெளுப்பு, எட்டைத் தொட்டால் சாவு என்று எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 போன்ற ஆண்டுகளில் பெரிய வெளுப்பு நடந்தது. இத்தனை குறைவான நிகழ்வுகளை வைத்துக்கொண்டு ஓர் ஆழ்ந்த நியூரல் நெட்வொர்க்கை (பல அடுக்குகள் கொண்ட சிக்கலான இயந்திரக் கற்றல் மாதிரியை) பயிற்றுவித்து, அது இந்தக் கூட்டல் கணக்கை வெல்லாவிட்டால், வெல்லவில்லை என்றே எழுத வேண்டும். சிறு தரவில் எளிய முறைகளே பல சமயம் வெல்கின்றன என்பது என் அனுபவம். இதை நான் விதியாகச் சொல்ல மாட்டேன்.

அளவீடு இல்லை என்றேன். அதற்காக உங்கள் கரையை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையிடம் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இருக்கிறது. கரைக்கு வந்து சேரும் மீனைப் புள்ளியியல் முறைப்படி மாதிரி எடுத்துக் கணக்கிடும் வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் நிறுவனம் அது. கடற்பாசி ஆய்வுக்கும் மண்டபத்தில் நிலையம் உண்டு. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோளிலிருந்து பார்த்து, மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு ஆழ்கடலுக்குப் பொருந்தும் அளவுக்குக் கரையோர ஆழமற்ற நீருக்குப் பொருந்துவது கடினம். கலங்கலும் அடித்தரையிலிருந்து திரும்பும் ஒளியும் பச்சையத்தின் கணக்கைக் குழப்பிவிடும். உலகக் கடல்களை அளக்கும் ஆர்கோ மிதவைகளும் இங்கே உதவாது. அவை 2,000 மீட்டர் வரை மூழ்கி எழச் செய்யப்பட்டவை, உங்கள் வடகடலின் பெரும்பகுதியோ 15 மீட்டரைத் தாண்டாது. ஆகவே ஆழமற்ற, கலங்கிய நீரைச் சரியாகப் படிக்கும் முறை என்பது நல்ல முனைவர் பட்டத் தலைப்பு. அது தீர்ந்தால் நாட்டுப் படகுக்காரருக்குத்தான் முதல் பயன்.

இதோடு ஒட்டிய ஒரு கடமையும் உண்டு. மீனவர்கள் சொல்லும் பார்களின் (கடலடிப் பாறைகளின்) இடமும் வலைபடும் இடமும் அவர்கள் பிழைப்பின் இரகசியம். இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டுக்கு அருகில் அது ஆபத்தான தகவலும்கூட. உங்களை நம்பி அவர்கள் சொன்னதை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பொதுத் தரவாக வெளியிட எந்தப் பத்திரிகை கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு புள்ளிகூட வெளியே போகக் கூடாது.

இனிப் பட்டத்துக்கு வருகிறேன். ஆய்வு செய்யக் கணினிப் பொறியியல் பட்டம் தேவையில்லை, எம்.எஸ்சி. இயற்பியல் நல்ல அடித்தளம். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைவசம் இருக்கும். புள்ளியியலை மட்டும் தனியாக, ஆழமாகப் படியுங்கள். நம் இயற்பியல் பாடத்திட்டங்களில் அது மெலிந்து கிடக்கிறது. ஆனால் வேலைக்குப் போகும்போது ஒரு வேலி எதிர்ப்படும். பொறியியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியராக பி.இ.யும் எம்.இ.யும் கேட்பார்கள், இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, இயந்திரக் கற்றலில் எத்தனை கட்டுரை எழுதியிருந்தாலும் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. கலை அறிவியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் பட்டம் எந்தப் பாடத்தில் என்று பார்க்கும். எனவே முனைவர் பட்டம் எந்தத் துறையின் பெயரில் வழங்கப்படும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பல்துறை ஆய்வு" என்ற பெயர் கேட்க அழகாக இருக்கும். நேர்காணலில் அது எந்தப் பக்கமும் சேராமல் நிற்பதை என் மாணவர்கள் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு என் பரிந்துரை: பட்டம் இயற்பியலிலோ கடல் அறிவியலிலோ இருக்கட்டும், இயந்திரக் கற்றல் தெரிந்த ஒருவர் இணை நெறியாளராக இருக்கட்டும். இன்காய்ஸ், சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் போன்ற இடங்களில் இந்தச் சேர்க்கைக்கு மதிப்பு உண்டு.

ஐஐடி பெயர் உதவுமா என்றால், உதவும். அதை மறைக்க மாட்டேன். அங்கே நல்ல சக மாணவர்கள் கிடைப்பார்கள், வெளிநாட்டுக் கதவுகள் சற்று எளிதாகத் திறக்கும். ஆனால் எம்.எஸ்சி. எங்கே படித்தீர்கள் என்பது முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தடையில்லை. நுழைவது தேர்வு வழியாகத்தான். சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இயற்பியலும் உண்டு, புவி, வளிமண்டல, கடல் அறிவியல் என்ற தனிப் பாடமும் உண்டு. மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித் தாள் இருக்கிறது.

பணத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடல் கொந்தளிக்கும் நாட்களில் வீட்டில் வருமானம் சுருங்கும் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சொல்கிறேன்: உதவித்தொகை இல்லாமல் முழுநேர முனைவர் பட்டத்தில் சேராதீர்கள். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அதில் வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். பணம் சில நிறுவனங்களில் மாதாமாதம் வராமல் சேர்ந்து தாமதமாக வருவது உண்டு. கையில் மூன்று நான்கு மாதச் செலவு இல்லாமல் கிளம்பாதீர்கள். முதல் முறை உதவித்தொகை கிடைக்காவிட்டால், மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ கடல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் திட்ட உதவியாளராகச் சேருங்கள். சம்பளம் சிறியதுதான். ஆனால் படகில் போய் அளப்பது எப்படி, ஓர் அளவீட்டில் எத்தனை இடத்தில் பிழை நுழையும் என்பதை அங்கே கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது.

நெறியாளரைத் தேர்வது நிறுவனத்தைத் தேர்வதைவிட முக்கியம். அவரிடம் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளை வாங்கிப் புரட்டுங்கள். மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று, பாதியில் விட்டவர்கள் உண்டா என்று அவர்களிடமே பேசுங்கள். பெண் மாணவிகளிடம் தனியாகவும் பேசுங்கள். கேள்விக்கு எரிச்சல்படும் ஆய்வுக்குழு உங்களுக்கு வேண்டாம்.

இனி எனக்கு உறுதியில்லாதவை. ஆறு ஆண்டு கழித்துப் பல்கலைக்கழக வேலை எத்தனை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; இப்போதே நிரந்தரப் பணியிடங்கள் மெதுவாகத்தான் நிரப்பப்படுகின்றன, முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் தற்காலிகப் பணியில் கழிவது சாதாரணம். செயற்கை நுண்ணறிவு இன்னும் எவ்வளவு வேலையை எடுத்துக்கொள்ளும் என்பதிலும் என் கணிப்பு தவறாகலாம். நிரல் எழுதுவதை மட்டும் திறமையாக வைத்திருப்பவரின் இடம் குறுகும் என்று நினைக்கிறேன். அளவீட்டையும் கேள்வியையும் சோதனையையும் கையில் வைத்திருப்பவரின் இடம் பெருகும் என்று நம்புகிறேன், அதற்கான காரணங்களை மேலே சொல்லியிருக்கிறேன். புதிய மாதிரிகளையே கண்டுபிடிக்கும் அடிப்படை இயந்திரக் கற்றல் ஆய்வு உங்கள் விருப்பமாக இருந்தால் என் அறிவுரை பாதிதான் பொருந்தும். அங்கே கணிதத்தின் பங்கும், பெரிய கணினிகளின் தேவையும், போட்டியும் அதிகம்.

இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்றால், நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு சிறு வேலையை முடியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் படங்களை எடுத்து, குருசடைத் தீவைச் சுற்றியுள்ள நீரில் எந்த மாதங்களில் அடித்தரை தெரிகிறது, எந்த மாதங்களில் தெரியவில்லை என்று மட்டும் கணக்கிடுங்கள். சாதாரண மடிக்கணினி போதும், நியூரல் நெட்வொர்க் எதுவும் வேண்டாம். உங்கள் விடையை அப்பாவிடமும் தெருவில் தொழிலுக்குப் போகும் மற்றவர்களிடமும் கேட்டு ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அதை மறைக்காமல், இரண்டு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பேராசிரியர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை மதிப்பெண் பட்டியலும் "தங்கள் ஆய்வில் ஆர்வம் உள்ளது" என்ற ஒற்றை வரியும்தான். யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் எழுந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கூடவே அந்த இரண்டு பக்கத்தை இணையுங்கள். மதிப்பெண் பட்டியலை அவர்கள் கேட்கும்போது அனுப்பினால் போதும்.